பெட்ரோல் காசு எங்கிருந்து வந்தது: அமெரிக்க நிறநீதி அமைப்புகளின் அடித்தள வேலை

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை. அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதாகிறார். அன்றிரவே செய்தி ஜோ ஆன் ராபின்சனின் காதுக்கு வருகிறது. கறுப்பின மாணவர்கள் படிக்கும் அரசுக் கல்லூரியில் அவர் ஆங்கிலப் பேராசிரியர். நள்ளிரவில் கல்லூரிக்குப் போய், சக பேராசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் துணைக்கு நிற்க, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் துண்டறிக்கை அடிக்கத் தொடங்குகிறார். ஒரே தாளில் அதே செய்தி மூன்று முறை. அடித்தபின் தாளை மூன்றாக வெட்டிக் கட்டுகிறார்கள். விடிவதற்குள் பல்லாயிரம் பிரதிகள் தயார். வெள்ளிக்கிழமை பகலுக்குள் பள்ளிகள், அழகு நிலையங்கள், முடிதிருத்தகங்கள், கடைகள் வழியாக அவை ஊரெங்கும் போய்விட்டன. திங்கட்கிழமை பேருந்துகள் காலியாக ஓடின.

அச்சடிப்பு ஒரு இரவு வேலைதான். ஆனால் எந்தப் பகுதிக்கு யார் கொண்டு போவது என்ற திட்டம் பல மாதங்களுக்கு முன்பே போட்டு வைக்கப்பட்டிருந்தது. ராபின்சன் தலைமையேற்றிருந்த மகளிர் அரசியல் மன்றம் 1946இல் தொடங்கப்பட்டது. 1954 மே மாதமே அவர் நகர மேயருக்குக் கடிதம் எழுதி, நிலைமை மாறாவிட்டால் பேருந்துகளைப் புறக்கணிக்கும் பேச்சு ஊரில் நடக்கிறது என்று எச்சரித்திருந்தார். ரோசா பார்க்ஸும் வேலை முடிந்து களைத்துப்போய் உட்கார்ந்த ஒரு தையற்காரர் மட்டுமல்ல. கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அந்தக் கோடையில்தான் டென்னசியில் இருந்த ஹைலேண்டர் மக்கள் பள்ளியின் பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தார்.

புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. பேருந்துப் பயணிகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கறுப்பின மக்கள் என்பதால் நிறுவனத்துக்கு விழுந்த அடி பெரியது. ஆனால் அதே மக்கள் தினமும் வேலைக்குப் போயாக வேண்டும். வீட்டுவேலை செய்யும் பெண் எட்டு மைல் தள்ளியிருக்கும் எஜமானி வீட்டுக்கு ஏழு மணிக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும். முதல் சில நாள் கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஆள் ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய விதியைக் காட்டி நகராட்சி அதை நிறுத்தியது. அடுத்த ஏற்பாடு சொந்தக் கார்கள். 1953இல் லூசியானாவின் பாட்டன் ரூஜில் இதே மாதிரிப் புறக்கணிப்பை நடத்திய போதகர் டி. ஜே. ஜெமிசனிடம் மார்ட்டின் லூதர் கிங் தொலைபேசியில் வழிமுறை கேட்டறிந்தார். சுமார் 300 கார்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட ஏறுமிடங்கள், கால அட்டவணை, அனுப்பிவைக்க ஆட்கள் என்று ஒரு இணைப் போக்குவரத்துக் கழகமே உருவானது.

அதற்குப் பெட்ரோல் வேண்டும், டயர் வேண்டும், காப்பீடு வேண்டும். தேவாலயங்களின் பெயரில் வாங்கிய வண்டிகளுக்கு உள்ளூர்க் காப்பீடு ரத்தாகிக்கொண்டே வந்தபோது லண்டனின் லாயிட்ஸ் வழியாகக் காப்பீடு பெற்றார்கள். பணத்தில் ஒரு பங்கு வெளியூர் நன்கொடை. இன்னொரு பங்கு சமையலறைகளிலிருந்து வந்தது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரர் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கேக், பை, கோழிப் பொரியல் செய்து விற்று, வாராவாரம் மக்கள் கூட்டத்தில் காசை எண்ணி ஒப்படைத்தார். குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘எங்கிருந்துமில்லாதவர் மன்றம்’. காசு எங்கிருந்து வந்தது என்று யாராவது துருவிக் கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று சொல்லிவிடலாம். மாவு பிசைந்த பெண்கள் பலரும் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள். பெயர் வெளியே வந்தால் அன்றோடு வேலை போகும். கில்மோருக்கே அது நடந்தது: 1956இல் கிங் மீதான வழக்கில் சாட்சி சொன்ன பிறகு வேலையிழந்தார்.

அமெரிக்காவில் நிறநீதிக்கும் பொருளாதார நீதிக்குமான அடித்தள அமைப்புகளைப் புரிந்துகொள்ள, இந்தப் பெயர்தான் சரியான நுழைவாயில் என்பது எங்கள் கருத்து. உரிமை கேட்பவரின் வாயை அடைக்க அங்கே காவல்துறையைவிட அதிகம் பயன்பட்டது சம்பளமும் வீட்டு வாடகையும் கடனும். ஆகவே ஓர் அமைப்பு நிலைக்குமா என்பதை, அதன் ஆட்களின் பிழைப்பு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியே பெரும்பாலும் முடிவு செய்தது.

இது தானாக அமைந்த நிலைமையல்ல, சட்டத்தாலேயே பின்னப்பட்டது. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதே ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம், குறைந்தபட்ச ஊதியத்தை வகுத்த 1938இன் சட்டம் மூன்றும் விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்பவர்களையும் வெளியே நிறுத்தின. தென்மாநிலங்களில் உழைத்த கறுப்பின மக்களில் பெரும்பகுதியினர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. ஓய்வூதியமும் சங்கம் வைக்கும் உரிமையும் கூலி வரம்பும் ஒரே நேரத்தில் கைநழுவிப் போனது மட்டும் நிஜம்.

1960களின் மிசிசிப்பியில் இது எப்படி வேலை செய்தது என்று பார்க்கலாம். வாக்காளராகப் பதிய விரும்புபவர் 21 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். மாநில அரசியலமைப்பின் 285 பிரிவுகளில் பதிவாளர் கைகாட்டும் ஒன்றை எழுதி, அதற்கு விளக்கமும் தர வேண்டும். விளக்கம் சரியா என்பது பதிவாளரின் இஷ்டம். இதற்கு மேல் 1962இல் ஒரு சட்டம் வந்தது: விண்ணப்பித்தவர்களின் பெயர்கள் உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளியாகும். பார்வைக்கு வெளிப்படைத்தன்மை போலத் தெரியும். முதலாளி, வீட்டுக்காரர், கடன் கொடுத்த கடைக்காரர் மூவரும் படிப்பதற்கான பட்டியல் அது. 1962 ஆகஸ்ட் 31 அன்று பதியப் போன ஃபேனி லூ ஹேமர், 18 ஆண்டுகள் வேலை செய்த பருத்திப் பண்ணையை விட்டு அன்றிரவே வெளியேற்றப்பட்டார். அந்தக் குளிர்காலத்தில் லெஃப்ளோர் மாவட்ட நிர்வாகம், மத்திய அரசு தந்த இலவச உணவுப் பொருள் விநியோகத்தையே நிறுத்தியது. சுமார் 22,000 பேர் அதை நம்பி இருந்தார்கள்.

அங்கே போன மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் இளைஞர்கள் சொற்பொழிவோடு தொடங்கவில்லை. கையில் அவர்களுக்கு வாரம் 10 டாலர், வரி போக 9.64. தங்கவும் சாப்பிடவும் உள்ளூர்க் குடும்பங்களையே நம்பியிருந்தார்கள். முதல் வேலை, யார் நின்றால் உடனே விழமாட்டார்கள் என்று கண்டுபிடிப்பது. கிளீவ்லாந்து ஊரின் அம்சி மூர் அவர்களுக்கு வழிகாட்டியானார். அவருக்கு மத்திய அரசின் அஞ்சல் துறையில் வேலை, சொந்தமாக ஒரு பெட்ரோல் நிலையம். மான்ட்கோமரியின் ஈ. டி. நிக்சன் ரயில் உறங்கு பெட்டிப் பணியாளர், அந்தத் தொழிற்சங்கத்தின் ஆள். அவர் சம்பளம் சிகாகோவிலிருந்து வந்தது. ஹோம்ஸ் மாவட்டத்தின் மைல்ஸ்டன் பகுதியில் 1963 ஏப்ரலில் முதலில் பதியப் போன 14 பேரின் பின்னால் நிலமுள்ள கறுப்பின உழவர்கள் நின்றார்கள். 1930களின் மத்திய அரசுத் திட்டம் ஒன்றில் அவர்களுக்கு நிலம் கிடைத்திருந்தது. அவர்களில் ஒருவரான ஹார்ட்மன் டர்ன்போவின் வீட்டில் அடுத்த மாதமே தீக்குண்டு வீசினார்கள். உயிருக்கு ஆபத்து எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அவரைப் பண்ணையிலிருந்து விரட்ட முடியவில்லை, பண்ணை அவருடையது.

போதகர், அழகு நிலையம் நடத்துபவர், சவ அடக்கம் செய்பவர், முடிதிருத்துபவர் என்று இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப ஒரே தொழில்கள் வருவதற்கும் இதுவே காரணம். அவர்களுக்குக் காசு கொடுத்தவர்கள் கறுப்பின மக்கள். பள்ளி ஆசிரியர்கள் படித்தவர்களாக இருந்தும் முன்வரிசையில் குறைவாகவே தெரிவார்கள், சம்பளம் பள்ளி வாரியத்திடம் இருந்தது. தெற்குக் கரோலினாவின் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியர், கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினராக இருப்பதை மறைக்க மறுத்ததற்காக 1956இல் வேலையை இழந்தார். நாற்பது ஆண்டுப் பணிக்கான ஓய்வூதியமும் போனது.

அந்த செப்டிமா கிளார்க்தான், எங்கள் பார்வையில், அமெரிக்க அடித்தள வேலையின் மிகச் சிறந்த ஒற்றைக் கருவியை வடிவமைத்தவர்களில் ஒருவர். ஜான்ஸ் தீவில் எசா ஜென்கின்ஸ் என்பவர் பேருந்து ஓட்டி ஆட்களை நகரத்துக்கு வேலைக்கு ஏற்றிச் செல்வார். வாக்களிக்க எழுத்தறிவு வேண்டும் என்பதால், பயணத்தின்போதே மாநிலச் சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பார். மனப்பாடம் ஆகியது, வாசிப்பு வரவில்லை. 1957 ஜனவரி 7 அன்று ஹைலேண்டர் பள்ளியின் கடனுதவியோடு அங்கே குடியுரிமைப் பள்ளி திறந்தது. கட்டடத்தின் முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பறை. வெளியே இருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் கடை மட்டும் தெரிய வேண்டும்.

ஆசிரியராகத் தேர்ந்தெடுத்தது பெர்னிஸ் ராபின்சனை. அவர் அழகு நிலையம் நடத்தியவர், ஆசிரியர் பயிற்சி கிடையாது. இரண்டு காரணங்கள். அவர் பிழைப்பு வெள்ளையர் கையில் இல்லை. அதோடு, முதியவர்களைச் சின்னப் பிள்ளைகள் போல நடத்தும் பழக்கம் அவருக்கு இல்லை. முதல் நாள் 14 பேரிடம் என்ன படிக்க ஆசை என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், மணியார்டர் நிரப்ப வேண்டும், அஞ்சல்வழிக் கடையின் ஆர்டர் படிவம் புரிய வேண்டும் என்றார்கள். அவையே பாடப் பொருளாயின. அரிச்சுவடியைக் கட்டாயம் தவிர்த்தார்கள். சாகுபடி ஓய்ந்த குளிர்கால மாதங்களில், வாரம் இரண்டு இரவு, இரண்டிரண்டு மணி நேரம் வகுப்பு. பெயரை அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்து அதன்மேல் பென்சிலால் வரைய வைப்பது, பருத்தி எடைச்சீட்டை வைத்துக் கூட்டல், கடைசியில் வாக்காளர் படிவம். பதிந்து வந்தவர் அடுத்த வகுப்புக்கு ஆள் சேர்ப்பார். 1961இல் டென்னசி அரசு ஹைலேண்டரை மூடிய சமயத்தில் இந்தத் திட்டம் கிங் தலைமையிலான தென்மாநிலக் கிறித்தவத் தலைமை மாநாட்டின் கைக்கு மாறி, ஜார்ஜியாவில் ஐந்து நாள் ஆசிரியர் பயிற்சியாக நடந்தது. தெற்கின் மூலைமுடுக்கெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தான் பின்னால் ஊர்த் தலைவர்கள் ஆனார்கள்.

கூட்டம் சேர்ப்பது வேறு, அமைப்பு கட்டுவது வேறு. 1960 ஏப்ரலில் மாணவர் குழு பிறக்கக் காரணமாயிருந்த எல்லா பேக்கர் என்ற பெண் வாழ்நாள் முழுவதும் வாதாடியது இந்த வேறுபாட்டுக்காக. 1940களில் அவர் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் தென்மாநிலக் கிளைகளைச் சுற்றிவந்தபோது செய்த வேலையையே இன்றைய அமைப்பாளர்களும் செய்கிறார்கள்: ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசுவது. சுமார் 30 முதல் 45 நிமிடம். அதில் பெரும்பகுதி நேரம் அமைப்பாளர் கேட்க வேண்டும், மற்றவர் பேச வேண்டும். உங்களுக்குத் தூக்கம் வராமல் செய்வது எது, இதற்கு முன் எதற்காவது எதிர்த்து நின்றிருக்கிறீர்களா, உங்கள் தெருவில் ஏதாவது நடந்தால் எல்லோரும் யாரிடம் போவார்கள்? மூன்றாவது கேள்வி தங்கம். பத்துப் பேர் ஒரே பெயரைச் சொன்னால், மைக் பிடிக்காத, பதவி இல்லாத அந்த ஆள்தான் அங்கே தலைவர். மனு நீட்டி ஒரு நிமிடத்தில் கையெழுத்து வாங்குவதில் இந்தச் செய்தி கிடைக்காது. பேச்சு முடிந்ததும் வீட்டுக்குப் போகும் முன்பே குறித்துவைக்க வேண்டும். மறுநாள் எழுதினால் பாதி மறந்துபோகும்.

அடுத்தது வீட்டுக் கூட்டம். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், யாராவது ஒருவருடைய கூடத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாமல். அழைப்பது வீட்டுக்காரர், அமைப்பாளர் அழைத்தால் அது அமைப்பாளரின் கூட்டம் ஆகிவிடும். வருகிறேன் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் வந்தால் நல்ல கணக்கு. ஆக நூறு பேர் வேண்டுமானால் இருநூறு பேரின் வாய்ச்சொல் தேவை. அந்த இருநூறுக்கு இருபது பேர் தலைக்குப் பத்து என்று பொறுப்பேற்க வேண்டும். முந்தின நாள் இரவு மீண்டும் ஒரு தொலைபேசி அழைப்பு, இதைத் தவறவிட்டால் பாதி என்பது கால்வாசி ஆகும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், சாப்பாடு, வண்டி, மொழிபெயர்ப்பு ஆகியவை உபசாரம் என்று நினைத்தால் தப்பு. அவை இல்லாத கூட்டத்துக்கு இரண்டு ஷிப்ட் பார்க்கும் தாய் வரமாட்டார். அவர் வராவிட்டால் கோரிக்கையும் வேறு யாருடையதாகவோ ஆகும்.

பிறகு கோரிக்கையைச் செதுக்குவது. வறுமை, நிறவெறி எல்லாம் துன்பங்கள். அவற்றில் கைகூடும் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டும்: என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள், கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு? அந்த ஆளின் பெயர் தெரியாவிட்டால் ஊர்வலம் போகும் இடம் தெரியாது. மேரிலாந்தின் பால்டிமோரில் பில்ட் என்ற தேவாலயக் கூட்டமைப்பு தன் அன்னதானக் கூடங்களில் வரிசையில் நிற்பவர்களிடம் பேசியபோது, பலரும் முழுநேர வேலையில் இருப்பவர்கள் என்று தெரிந்தது. நகராட்சியின் ஒப்பந்தக்காரர்களிடம் பெருக்கித் துடைப்பவர்களும் அவர்களில் இருந்தார்கள். கோரிக்கை அங்கேயே பிறந்தது: நகராட்சி ஒப்பந்தம் எடுப்பவர் வாழும் அளவுக்குக் கூலி தர வேண்டும். தொழிற்சங்கத்தோடு சேர்ந்து 1994 டிசம்பரில் சட்டமாக்கினார்கள். மத்தியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலர் இருந்தபோது இங்கே 6.10இல் தொடங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் பின்னர் அது முன்மாதிரியாயிற்று. வறுமை ஒழிக என்று ஊர்வலம் போயிருந்தால் இது கிடைத்திருக்காது.

மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது ‘நான் ஒரு மனிதன்’ என்ற பதாகையும் கிங்கின் படுகொலையும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவரைக் குப்பை வண்டியின் அழுத்தும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. மாநகராட்சி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஈமச் செலவுக்கு 500 டாலரும் ஒரு மாதச் சம்பளமும் கொடுத்தது. பிப்ரவரி 12 அன்று 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. 65 நாள் நடந்த அந்த வேலைநிறுத்தத்தில் மேயர் ஹென்றி லோப் கடைசிவரை பிடிவாதமாக மறுத்தது எதற்கு தெரியுமா? சங்கச் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துச் சங்கத்துக்குக் கொடுப்பதற்கு. சில சென்ட் கூலி உயர்வு ஒரு வருடச் செலவு. சந்தாப் பிடித்தம் வந்துவிட்டால் சங்கம் நிரந்தரம். 1963இல் சங்கம் கட்ட முயன்ற 33 பேரை மாநகராட்சி வேலையை விட்டு நீக்கியிருந்தது. 1966 வேலைநிறுத்தம் நீதிமன்றத் தடையில் அடங்கிப்போனது. பணம் இல்லாத சங்கத்தை இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் கலைக்கலாம். ஏப்ரல் 16 ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு சுற்றுவழி கண்டார்கள்: பிடித்தம் தொழிலாளர் கடன் சங்கத்தின் வழியாகப் போகும், அங்கிருந்து தொழிற்சங்கத்துக்கு. 1733ஆம் உள்ளூர்க் கிளை இன்றும் இருக்கிறது.

வீட்டு விஷயத்தில் கணக்கு இன்னும் சிக்கல். 1934இல் உருவான மத்திய வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பினப் பகுதிகளில் அடமானக் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. வங்கிக் கடன் கிடைக்காத குடும்பங்களைத் தரகர்கள் வளைத்தார்கள். கறுப்பினத்தார் குடிவருகிறார்கள் என்று வெள்ளையரை மிரட்டி மலிவாக வாங்கிய வீட்டை, பல நேரம் இரண்டு மடங்கு விலைக்கு, தவணை ஒப்பந்தத்தில் விற்பது அவர்கள் வழி. கிரயப் பத்திரம் கடைசித் தவணைக்குப் பிறகுதான் கைக்கு வரும். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், அதுவரை கட்டிய அத்தனையும் போகும். வரி, பழுது, காப்பீடு எல்லாம் வாங்கியவர் தலையில்.

1968இல் சிகாகோவின் லாண்டேல் பகுதியில் இப்படி வாங்கியவர்கள் சங்கம் சேர்ந்தார்கள். முதல் தடை, வெட்கம். ஏமாந்தது தான் மட்டும்தான் என்று ஒவ்வொரு குடும்பமும் நினைத்திருந்தது. பத்திரப் பதிவேட்டில் அந்த வீட்டை விற்றவர் எவ்வளவுக்கு வாங்கினார் என்று பார்த்து, எண்ணைப் பகிரங்கமாக வாசித்தபோதுதான் வெட்கம் கோபமாயிற்று. இந்தப் பதிவேட்டு வேலைக்கு வழக்கறிஞர் தேவையில்லை, பொறுமை போதும். அந்த ஆண்டின் முடிவில் பல நூறு குடும்பங்கள் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். வெளியேற்ற வந்தவர்கள் சாமான்களைத் தெருவில் போட்டுப் போனபின் அக்கம்பக்கத்தவர் திரும்ப உள்ளே எடுத்து வைத்தார்கள். 400க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் திருத்தி எழுதப்பட்டன. நீதிமன்ற வழக்குகளில் தோற்றார்கள்.

இதே சிகாகோவில் 1966 ஆகஸ்ட் 26 அன்று கிங்கின் இயக்கத்துக்கும் நகர நிர்வாகத்துக்கும் வீட்டுவசதி ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. கால வரம்பு இல்லை, மீறினால் என்ன என்று இல்லை. ஊர்வலங்கள் நின்றன, ஒப்பந்தம் காகிதத்திலேயே கிடந்தது. அந்த இயக்கத்தின் வலியை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. கல்லடி வாங்கிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். ஆனால் ஒரு தெரு எத்தனை கடன் பெற்றது என்ற எண் கையில் இல்லாத வரை வாக்குறுதியை அளக்க வழியே இல்லை. 1970களில் கேல் சின்கோட்டா என்ற சிகாகோ இல்லத்தரசியும் அவர் கட்டிய, வெள்ளை, கறுப்பு, லத்தீன் பகுதிகள் மூன்றும் சேர்ந்த கூட்டமைப்பும் அந்த எண்ணைத்தான் கேட்டார்கள். 1975 சட்டம் வங்கிகள் எந்தப் பகுதிக்கு எவ்வளவு வீட்டுக் கடன் கொடுத்தன என்று வெளியிட வைத்தது. 1977 சட்டம், வங்கி ஒன்று இணைப்புக்கோ புதுக் கிளைக்கோ அனுமதி கேட்கும்போது, தான் வைப்புத்தொகை திரட்டும் பகுதிக்குக் கடன் கொடுத்ததா என்று பார்க்கச் சொன்னது. அனுமதி தாமதமாவது வங்கிக்குப் பெரிய நஷ்டம். ஆகவே ஆட்சேப மனு ஒன்றைத் தாக்கல் செய்தால் மேலாளர் பேச்சுவார்த்தைக்கு வருவார்.

நிலத்தையே சொந்தமாக்கிக்கொள்ளும் வழியையும் பார்த்திருக்கிறார்கள். ஜார்ஜியாவில் வாக்குப் பதிவுக்குப் போனதால் வெளியேற்றப்பட்ட உழவர்களுக்காக சார்லஸ், ஷெர்லி ஷெராட் தம்பதியும் மற்றவர்களும் 1969இல் நியூ கம்யூனிட்டிஸ் என்ற பொது நில அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். சுமார் 5,700 ஏக்கர். வறட்சி வந்தபோது மத்திய விவசாயக் கடன் அமைப்பு வெள்ளை விவசாயிகளுக்குத் தந்த அவசரக் கடனை இவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. 1985இல் நிலம் முழுதும் போனது. பாகுபாடு நடந்தது என்று ஏற்றுக்கொண்டு சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு வந்தது 2009இல். நிலம் இருந்தும் கடன் பிறர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இல்லை.

பாஸ்டனின் டட்லி தெருப் பகுதி வேறு பாடம். 1985இல் அறநிறுவனங்கள் கூடி ஒரு மறுசீரமைப்புத் திட்டத்தை ஊர் முன் வைத்தபோது, மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேள்வி எழுந்தது. உத்தேசித்த நிர்வாகக் குழுவில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சில இடங்களே. அதைக் கலைத்து, குடியிருப்பவர் பெரும்பான்மை உள்ள குழுவை அமைத்தார்கள். கறுப்பினத்தார், கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்கள், லத்தீனர், வெள்ளையர் நான்கு பிரிவினருக்கும் தலைக்கணக்குப் பார்க்காமல் சம இடம். நூற்றுக்கணக்கான காலி மனைகளில் வெளியூர்க்காரர் கொட்டிய குப்பையை எதிர்த்ததே அவர்களின் முதல் போராட்டம். எளிதில் வெல்லக்கூடியது, எல்லோர் மூக்கிலும் ஏறியது. 1988இல் தனியார் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே மாநகர அமைப்பிடமிருந்து பெற்றார்கள்.

கூலிப் பக்கம் மிக நுட்பமான வேலை புளோரிடாவின் இமோகலி தக்காளித் தோட்டங்களில் நடந்தது. மெக்சிகோ, குவாத்தமாலா, ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்கள், மூன்றுக்கு மேற்பட்ட மொழிகள், பலருக்கு எழுத்தறிவு இல்லை, பருவம் முடிந்தால் வேறு மாநிலம். படங்களையும் நாடகங்களையும் வைத்தே கூட்டம் நடத்தினார்கள். 32 பவுண்டு வாளி ஒன்றுக்கு 45 சென்ட் அளவில் கூலி. கங்காணியையும் தோட்ட முதலாளியையும் எதிர்த்து நடத்திய வேலைநிறுத்தங்களில் ஓரளவே கிடைத்தது. ஏனென்றால் முதலாளியின் விலையைத் தீர்மானிப்பது மொத்தமாக வாங்கும் பெரிய உணவக நிறுவனங்கள். எனவே 2001இல் அவற்றில் ஒன்றான டாக்கோ பெல்லைப் புறக்கணிக்கத் தொடங்கினார்கள். கோரிக்கை பவுண்டுக்கு 1 சென்ட் கூடுதல். அதாவது வாளிக்கு 32 சென்ட். 2005இல் வென்றார்கள். வாங்குபவர் தந்த அந்தக் காசைத் தொழிலாளியிடம் சேர்க்க 2007இல் விளைவிப்போர் சங்கம் தடை போட்டதால், பணம் பொறுப்புக் கணக்கில் முடங்கிக் கிடந்து, 2010 உடன்பாட்டுக்குப் பிறகே முழுதாக நகர்ந்தது. உடன்பாட்டில் பார்வைக்குச் சின்னதாக ஒரு விதி: வாளியை விளிம்பு வரை நிரப்பினால் போதும், கும்பம் வைக்கக் கூடாது. அந்தக் கும்பம் மட்டுமே தொழிலாளியிடமிருந்து பத்தில் ஒரு பங்கு வரை இலவசமாகப் பறித்துவந்தது. வயலில் கூலிக்கு நின்றவர்களைத் தவிர வேறு யாரும் இந்த விதியை எழுதியிருக்க முடியாது. இப்போது 24 மணி நேரப் புகார் எண்ணும் தனித் தணிக்கைக் குழுவும் உள்ளன. விதி மீறித் திருந்தாத தோட்டத்திடமிருந்து ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனங்கள் வாங்கக் கூடாது.

தோற்ற இடங்களும் நிறைய உண்டு. பெரும்பாலும் உள்ளிருந்தே தோற்றவை. 1966இல் உருவான தேசிய நலத்திட்ட உரிமை அமைப்பு ஏழைத் தாய்மாரின் அமைப்பு, பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். விதிப்படி உரிய குளிர்கால உடை, மேசை, படுக்கை ஆகியவற்றுக்கான சிறப்பு மானியத்தைப் படிவம் நிரப்பிக் கூட்டமாகப் போய்க் கேட்டு வாங்கித் தந்தது. உறுப்பினர்கள் வேகமாகப் பெருகினார்கள். 1968இல் நியூயார்க் சிறப்பு மானியங்களை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே சீரான தொகை என்று மாற்றியது. அமைப்பில் சேரக் காரணமாக இருந்த அந்த ஒன்று மறைந்தது. கிளைகள் கலைந்தன, 1975இல் தேசிய அமைப்பும் மூடியது. சேர்ந்த பெண்களோடு தனித்தனியே உட்கார்ந்து அடுத்த கட்டத்தை யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இன்று பரவலாக இருப்பது மானியக் காசு. அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் பதிந்தால் நன்கொடையாளருக்கு வரிவிலக்கு உண்டு, அறநிறுவனங்களும் தாராளமாகத் தரும். பதிலுக்கு 1954 முதல் தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. சட்டமன்றத்தை வலியுறுத்தும் செலவுக்கும் வரம்பு: விரும்பித் தேர்ந்தெடுக்கும் கணக்கு முறையில் முதல் 5 லட்சம் டாலர் செலவில் 20 விழுக்காடு, பொதுமக்களைத் தூண்டிச் செய்ய வைப்பதற்கு அந்த வரம்பிலும் கால் பங்குதான். விதிகளைவிடப் பெரிய ஆபத்து மெல்ல வருகிறது. மானியம் ஓராண்டுக்கு, இரண்டாண்டுக்கு. அறிக்கையில் எண்ணக்கூடியது வேண்டும். ஒருவரோடு ஒருவர் உட்காரும் வேலைக்குப் பதிலாக எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள் என்பது முக்கியமாகிறது. குடியிருப்பவர் கூட்டத்துக்கு வருகிறவரிடம் நன்றியுரை கேட்பார்கள், வரவுசெலவைக் காட்டமாட்டார்கள்.

சந்தாவால் இதைச் சரிக்கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 400 உறுப்பினர்கள் தலைக்கு மாதம் 5 டாலர் தந்தால் ஆண்டுக்கு 24,000 டாலர். முழுநேர அமைப்பாளர் ஒருவருக்கு இது போதாது. ஆகவே கவனமான அமைப்புகள் இரண்டு கணக்கு வைக்கின்றன. மானியம் சம்பளத்துக்குப் போகிறது. சந்தா தனி வங்கிக் கணக்கில், உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த பொருளாளரின் கையெழுத்தில்: அறை வாடகை, வண்டி, குழந்தைக் காப்பு, பிணைத்தொகை. மானியம் கொடுப்பவர் நாளை முகம் சுளித்தாலும் அடுத்த கூட்டம் நடக்க எவ்வளவு தேவையோ அதற்குத்தான் அந்த இரண்டாவது கணக்கு. பொருளாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று இருப்பைச் சத்தமாக வாசிக்கிறார், கில்மோர் வாராவாரம் எண்ணிக் கொடுத்ததைப் போல.